கசந்த சுக்கினி

வடக்கனந்தலில் தெரசா கை பட்ட சாப்பாட்டை யாரும் குறை சொன்னதில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் சமையலுக்கு வேறு ஆள் பேசியிருந்தாலும், குழம்பு இறக்கும் முன்னால் அவளைக் கூப்பிட்டு உப்பு பார்க்கச் சொல்வார்கள். அவள் புருஷன் பிலிப்பு மட்டும், இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில், ஒரே ஒரு தடவை குறை சொன்னார். அந்த ஒரு தடவை அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் பிறந்தது தியாகதுருகத்துக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வெட்டு ஆட்கள் இருபது பேருக்குக் கொல்லை ஓரத்தில் மூன்று கல்லைக் கூட்டி உலை வைப்பது பதினோரு வயதிலேயே தெரசாவின் வேலையாகிவிட்டது. அன்றைக்குப் பிடித்த கரண்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. செங்கல் சூளையில் ஆக்கிப் போட்டாள், பள்ளிக்கூட விடுதியில் ஆக்கிப் போட்டாள், கோயில் திருவிழாவுக்கு அண்டா அண்டாவாக ஆக்கிப் போட்டாள். இப்போது நாற்பத்தாறு வயதில், வெள்ளிமலையில் ஒன்பது அறை உள்ள ஒரு தங்கும் விடுதியில் சமையல். காலையில் முதல் பஸ் ஏறினால் கம்பியைப் பிடித்தபடி வளைவுக்கு வளைவு தூங்கி விழுந்துகொண்டே மேலே போவாள். சாயங்காலம் பிலிப்புவின் ஜீப்பில் கீழே வருவாள். பிலிப்பு அந்த மலைப் பாதையில் இருபத்திரண்டு வருஷமாக ஜீப் ஓட்டுகிறவர்.

தெரசாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் விடுதியில் அவளை யாரும் பகைத்துக்கொள்ள மாட்டார்கள். மத்தியானம் எல்லாருக்கும் பசிக்குமே.

சுக்கினி என்கிற வெளிநாட்டுக் காய் அவள் கைக்கு வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். விடுதி மேனேஜர் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்து அடுப்படியில் இறக்கிவிட்டுப் போனார். தெரசா பார்த்தாள். வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது. வெள்ளரிக்காய்க்கு என்ன செய்வாளோ அதையே செய்தாள். பச்சையாக அரிந்து, தயிர் ஊற்றி, கடுகு தாளித்து பச்சடியாக மேசைக்கு அனுப்பினாள். விருந்தாளியாக வந்திருந்த ஒரு அம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு வந்து, இது வதக்கிச் சாப்பிடும் காய் என்று சொன்னார்.

“வெள்ளரிக்கா மாதிரி மூஞ்சிய வெச்சிக்கினு வந்தா நான் இன்னா பண்றது மேடம்?” என்றாள் தெரசா.

அந்த அம்மாதான் காயை நூடுல்ஸ் ஆக்கும் வித்தையையும் காட்டினார். மைதா சாப்பிடக் கூடாது என்று அவருக்கு வைத்தியர் உத்தரவு. பென்சில் சீவுகிற சாதனத்தைப் பெரிதாகச் செய்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான் பையில் வைத்திருந்தார். அதற்குள் சுக்கினியைச் செருகித் திருகினால் நீள நீளமாகச் சுருள் வந்து விழுந்தது. தெரசா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். தாளித்து, மூடி போட்டு வேகவைத்து, திறந்தால் கஞ்சி. காய் முழுக்கத் தண்ணீராகி, நூல் எல்லாம் அதில் நீந்திக்கொண்டிருந்தது.

இருபது பேருக்குக் கரும்புக் கொல்லையில் வடித்துக் கொட்டியவளுக்கு அது பெரிய அவமானம். மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் வழி பிடிபட்டது. சீவியதும் உப்புப் போட்டுப் பிசறிக் கொஞ்ச நேரம் வைக்கவேண்டும். அது விடுகிற தண்ணீரைத் துணியில் கட்டிப் பிழிந்துவிடவேண்டும். இரும்புச் சட்டி புகையும் அளவுக்குக் காய்ந்த பிறகு, பூண்டும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு, சுருளை அள்ளிப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி இறக்கிவிடவேண்டும். மூடியைக் கையில் எடுக்கவே கூடாது. அந்த அம்மா ஊருக்குப் போகும்போது திருகு சாமானைத் தெரசாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சுக்கினி நூடுல்ஸ் கேட்டு வருகிற விருந்தாளிகள் ஜாஸ்தியானார்கள். பெங்களூர்க் காய் வந்து சேருவதற்குள் வாடிவிடுகிறதென்று, வெள்ளிமலையை ஒட்டிச் சாமையும் தினையும் போட்டுக்கொண்டிருந்த வேடியப்பனிடம் மேனேஜர் விதையை வாங்கிக் கொடுத்துப் பயிர் வைக்கச் சொன்னார்.

இது இப்படி நடந்துகொண்டிருந்தபோது பிலிப்புவின் வலது கால் விரல் கறுத்துப்போனது.

சுகர் அவருக்குப் பத்து வருஷமாக இருந்தது. மாத்திரை ஒரு நாள் போடுவார், இரண்டு நாள் மறப்பார். செருப்பு கடித்த புண் ஒன்று ஆறு வாரமாகியும் ஆறவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு அந்த விரலை எடுத்தார். எடுத்த இடம் காயவில்லை. “சக்கரை இப்படியே இருந்துச்சுன்னா அடுத்தது பாதம்” என்று சொல்லி அனுப்பினார். வலது பாதம் பிரேக் மிதிக்கிற பாதம். அது போனால் பிலிப்பு மலை ஏற முடியாது. மலை ஏறாத பிலிப்புவை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பிலிப்புவுக்குச் சோறு என்றால் உயிர். சோற்றைவிடப் புரோட்டா. ஜீப் ஸ்டாண்டில் சின்னதுரையும் அவன் சம்சாரம் கோகிலவாணியும் போட்டிருக்கும் தகரக் கொட்டகைக் கடையில் கல்லில் புரோட்டா தட்டும் சத்தம் கேட்டால் அவர் கால் தானாக அங்கே போகும். தெரசா சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள். பிறகு வேறு வழி கண்டுபிடித்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் பிலிப்பு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுவார். சின்ன ஜெபம் இல்லை. மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனியாக நன்றி சொல்கிற ஜெபம். அது முடிவதற்குள் தெரசா அவர் தட்டிலிருந்து ஒரு கரண்டி சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காயை வைத்துவிடுவாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கிறவர் தட்டைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். ஆண்டவர் முன்னிலையிலேயே திருடுகிறவளிடம் என்ன பேசுவது?

அப்படித்தான் ஒரு நாள் சோறே இல்லாமல் தட்டு முழுக்கச் சுக்கினி நூடுல்ஸ் வைத்தாள். முட்டை உடைத்து ஊற்றி, வெங்காயத்தாள் தூவி, கடை நூடுல்ஸ் மாதிரியே இருந்தது. பிலிப்பு ஒரு வாய் வைத்தார்.

“இது நூடுல்ஸ் இல்ல.”

“இல்லதான்.”

“ஆனா நல்லாகீது.”

அவளுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கல்யாண வீட்டில் நானூறு பேர் பாராட்டியபோதும் வந்ததில்லை. வாரத்தில் ஐந்து நாள் அதுவே ஆனது. மூன்று மாதத்தில் சுகர் பாதிக்குப் பாதி இறங்கியது. புண்ணின் ஓரம் காய்ந்து புதுத் தோல் வந்தது. பிலிப்பு தெருவில் போகிறவர்களை நிறுத்திக் காலைத் தூக்கிக் காட்டினார்.

அந்த வருஷம் கடையில் வாங்கிய விதை தீர்ந்துபோயிற்று. வேடியப்பன் தன் வழக்கப்படி செய்தான். மலையில் பூசணிக்கும் சுரைக்கும் விதையை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. நல்ல காயாக ஒன்றிரண்டைக் கொடியிலேயே முற்றவிட்டு, விதையை எடுத்து, சாணியில் பொதிந்து சுவரில் அப்பி வைப்பார்கள். சுக்கினிக்கும் அதையே செய்தான். விதை பழுதில்லாமல் முளைத்தது. காயும் கொத்தாகப் பிடித்தது. ஒரு சனிக்கிழமை அந்தக் காயில் ஒரு மூட்டையைத் தூக்கி வந்து தெரசா முன்னால் வைத்தான்.

தெரசாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளரி, பீர்க்கு, சுரை எதுவானாலும் நுனியை ஒரு வில்லை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்க்காமல் சட்டியில் போட மாட்டாள். அன்றைக்கும் பார்த்தாள். முதல் காய் நல்ல காய். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நாக்கில் பட்டதும் தூவென்று துப்பினாள். வாய் கொப்பளித்தாள். அப்படியும் போகவில்லை. மூட்டை முழுக்கப் பார்த்ததில் ஏழெட்டுக் காய் அந்த மாதிரி. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

“இத வர்றவங்களுக்கு வெக்க முடியாது” என்றாள்.

வேடியப்பன் முகம் சுருங்கிப்போனது. “தூக்கிப் போட்ரட்டா அக்கா? அவ்ளோ தண்ணி மோந்து ஊத்தினேன்.”

அப்போதுதான் தெரசா அதைச் சொன்னாள். யோசித்துச் சொன்னது இல்லை, வாயில் வந்தது. “தூக்கிப் போடறதா? ஏம்ப்பா, கசப்புதான சுகருக்கு மருந்து? குடு, எங்க வூட்டுக்காரருக்கு எடுத்துக்கினு போறேன்.”

“எங்க அண்ணனுக்கும் சுகருதான் அக்கா. மீதிய அவருக்குக் குடுக்கட்டா?”

“குடேன். இதுக்கு ஒரு கேள்வியா?”

அவளைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் அந்தத் தெருவில் சுகர் உள்ள வீடு எதை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். காலையில் பாகற்காய்ச் சாறு, வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து, சாயங்காலம் சிறுகுறிஞ்சான் பொடி, படுக்கும் முன் ஊறவைத்த வெந்தயம். கசப்பு உள்ளே போனால் இனிப்பு வெளியே போகும் என்பதில் சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது. இதையெல்லாம் பத்து வருஷமாகப் பிலிப்புவின் தொண்டையில் இறக்கியவள் தெரசா. விருந்தாளிக்கு ஆகாத கசப்பு புருஷனுக்கு ஆகும் என்று அவள் நினைத்தது அவர் மேல் அக்கறை இல்லாததால் இல்லை. அக்கறை இருந்ததால்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து பிலிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தார். தெரசா கசந்த காய்களில் மூன்றைச் சீவி, பிழிந்து, அவருக்கென்று தனியாகப் புரட்டி வைத்தாள். தனக்கு முந்தின நாள் சாம்பாரும் சோறும். அவர் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். ஒரு வாய் வைத்தார். முகம் கோணிற்று.

“தெரசா, கசக்குது.”

“கசந்தாத்தான் சுகரு எறங்கும். மருந்துன்னு நெனச்சிக்கினு முழுங்குங்க.”

“ரொம்ப ஜாஸ்தியா கசக்குது. நாக்கு இழுக்குது தெரசா.”

“கால வெட்டிக்கினு வந்து மூலைல ஒக்காரப் போறீங்களா? அதுக்கு இது எவ்வளவோ தேவலாம். முழுங்குங்க.”

காலைச் சொன்னதும் அவர் வாயை மூடிக்கொண்டார். குனிந்து சாப்பிட்டார். தட்டில் கடைசிச் சுருள் காலியாகும் வரை தெரசா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சாப்பிட்டு முடித்ததும் “சமத்து” என்று சொல்லித் தட்டை எடுத்தாள்.

மூன்று மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. முதலில் காயாக வந்தது, பிறகு பச்சையாக, பிறகு ஒன்றும் இல்லாமல் வெறும் ஓக்காளம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினவர் நிமிர முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். போனதில் ரத்தம் இருந்தது. தெரசா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்து தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் அவர் கை கால் எல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது.

அந்த ஊரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிற ஆம்பிளையைக் கொண்டு போனால் முதல் கேள்வி ஒன்றுதான். “எங்க குடிச்சாரு?” என்றார் வார்டில் இருந்தவர்.

“அவரு தொட்டதே இல்ல சார்” என்று தெரசா கத்தினாள்.

ஒரு பெண் டாக்டர் வந்தார். சின்ன வயது, அலட்டல் இல்லாத முகம். ஊசி குத்தி, ட்ரிப் ஏற்றச் சொல்லிவிட்டு, “இன்னிக்கு என்ன சாப்பிட்டாரு?” என்று கேட்டார்.

தெரசா வாயைத் திறந்தாள். அதற்குள் கட்டிலிலிருந்து பிலிப்பு முனகினார்.

“புரோட்டா... காலைல... சின்னதொர கடைல ரெண்டு புரோட்டா தின்னேன். இவளுக்குத் தெரியாது டாக்டரம்மா.” பிறகு தெரசாவின் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது. “உன்கிட்ட மறச்சிட்டேன் தெரசா. பூசை முடிஞ்சி அங்கதான் போனேன். ஆண்டவரு தண்டிச்சிட்டாரு.”

டாக்டர் எழுதிக்கொண்டார். தெரசா திறந்த வாயை மூடிக்கொண்டாள். நாக்கின் அடியில் சனிக்கிழமைக் கசப்பு இன்னும் இருந்தது. என்ன நடந்தது என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் சும்மா நின்றாள். புரோட்டாவாகவே இருக்கட்டுமே என்று நினைத்தாள். கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. பின்னாளில் தன்னை அவள் மன்னிக்காதது காயைச் சமைத்ததற்காக இல்லை, அந்த நிம்மதிக்காக.

திங்கட்கிழமை காலை வேடியப்பன் போன் பண்ணினான். இன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே ஒரு சேதி சொன்னான். “அந்தக் கசப்புக் காய ஒண்ணு ஆட்டுக்குப் போட்டு பாத்தேன் அக்கா. மோந்து பாத்துட்டு ஒதுங்கிடுச்சு. அதுக்கு சுகரு இல்ல போல.”

“உங்க அண்ணனுக்குக் குடுத்தியா?”

“அண்ணி இப்பதான் அரிஞ்சிக்கினு இருக்குது.”

“குடுக்காத!” என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. “ஓடு. புடுங்கிக் கீழ கொட்டு. கொடிய வேரோட புடுங்கிப் போடு. எங்க வூட்டுக்காரரு இங்க சாகக் கெடக்கறாருப்பா!”

வேடியப்பன் ஓடினான். பத்து நிமிஷம் கழித்து மூச்சு வாங்க, கொட்டியாகிவிட்டது என்று சொன்னான். தெரசா போனை வைத்துவிட்டு நேராக டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

“பாகற்காய் கசக்குறது அதோட குணம்மா. சுரைக்காய், வெள்ளரி, இந்தச் சுக்கினி இதெல்லாம் கசந்தா அது விஷம். வேக வெச்சாலும் போகாது. வாயில வெச்சதும் துப்பிடணும்.”

“நான் துப்பிட்டேன் மேடம்” என்றாள் தெரசா. அதைச் சொன்ன பிறகு அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வெராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாள் டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. அவரை எடுத்துக்கொள்ளாதே என்று ஆண்டவரிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கசக்குதென்று சொன்ன மனுஷனை முழுங்கு முழுங்கு என்று நின்ற வாயால் என்ன கேட்பது? வெறுமனே அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அவர் கஞ்சி கேட்டார். ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிலிப்பு பாதி ஆளாக இருந்தார். ஆனால் மனசு திருந்திய ஆளாக வந்தார். இனி கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று பைபிள் மேல் கையை வைத்துச் சொன்னார். “உன் கை சாப்பாட்ட உட்டுட்டு வெளிய போனேன் பாரு, அதான்” என்று தினமும் சொன்னார். மாத்திரையை நேரத்துக்குக் கேட்டு வாங்கிப் போட்டார். தெரசா எதைத் தட்டில் வைத்தாலும் மறுபேச்சு இல்லாமல் சாப்பிட்டார். பத்து வருஷம் அவள் கத்தியும் நடக்காதது இப்போது கேட்காமலே நடந்தது. டாக்டர் அவளிடம், நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இன்றைக்குச் சொல்லலாம் என்று காலையில் நினைப்பாள். உடம்பு தேறட்டும் என்று சாயங்காலம் நினைப்பாள். சொன்னால் புரோட்டாவுக்குத் திரும்பிப் போய்விடுவாரே, கால் போய்விடுமே என்ற பயம் நிஜமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் வசதியாக இருந்தது.

அவள் சொல்லவில்லை. பிலிப்பு சொன்னார். பார்க்க வந்த ஜீப் டிரைவர்கள் ஒவ்வொருவரிடமும் சின்னதுரை கடைப் புரோட்டா தன்னைக் கொல்லப் பார்த்த கதையைச் சொன்னார். அவர்கள் ஸ்டாண்டில் போய்ச் சொன்னார்கள்.

நாலாவது வாரம் சின்னதுரை வீட்டுக்கு வந்தான். கூடவே கோகிலவாணியும் வந்தாள். ஆரஞ்சுப் பழம் ஒரு பை நிறையக் கொண்டு வந்து கீழே வைத்தார்கள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“அண்ணே, நான் உங்கள ஒண்ணும் கேக்கல” என்றான் சின்னதுரை. “அன்னிக்கு அதே மாவுல நாப்பது பேருக்குப் போட்டேன். நாங்களும் அதத்தான் தின்னோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. இப்ப ஸ்டாண்டுல ஒரு ஆளு கடைப் பக்கம் திரும்ப மாட்டேன்றான். பத்து நாளா கல்லு சூடே ஏறல. நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான் அண்ணே நாங்க பொழைக்க முடியும்.”

“நான் இன்னா பொய்யா சொல்றேன்?” என்றார் பிலிப்பு. “செத்துப் பொழச்சவன் நானு.”

கோகிலவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். தெரசா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோகிலவாணி மாவு பிசைகிறவள். அவள் விரல் இடுக்கில் எப்போதும் காய்ந்த மாவு ஒட்டியிருக்கும். இன்றைக்கு அந்த விரல்கள் சுத்தமாக இருந்தன. அவளும் தன்னைப் போலவே கையை நம்பிப் பிழைக்கிறவள் என்பது தெரசாவுக்குச் சுரீரென்று உறைத்தது.

“புரோட்டா இல்லீங்க” என்றாள். “சுக்கினி.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பிலிப்புவை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னாள். நுனியை நறுக்கி நாக்கில் வைத்ததையும், துப்பியதையும், விருந்தாளிக்கு ஆகாதென்று ஒதுக்கியதையும், அதையே அவருக்குப் புரட்டி வைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள். “சுகருக்கு நல்லதுன்னு நெனச்சிட்டேங்க” என்று முடித்தாள். சின்னதுரையும் கோகிலவாணியும் நின்ற வாக்கிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். பழப்பை அங்கேயே இருந்தது.

பிலிப்பு குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார்.

“கசக்குதுன்னு சொன்னனே தெரசா” என்றார்.

“சொன்னீங்க.”

“ரெண்டு தடவ சொன்னேன்.”

அவள் தலையை ஆட்டினாள். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டை விட்டெறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“சரி, அது தெரியாம பண்ணது. ஆஸ்பத்திரில நான் புரோட்டா புரோட்டான்னு அழுவறப்ப நீ பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த?”

அவள் கீழே இருந்த பழப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

மறுநாள் பிலிப்பு மூன்று சக்கர ஆட்டோ பிடித்து ஸ்டாண்டுக்குப் போனார். தப்பு என் பேரில், வீட்டில் ஏதோ காய் ஒத்துக்கொள்ளாமல் போனதற்கு உன் கடையைச் சொல்லிவிட்டேன் என்று எல்லா டிரைவரும் கேட்கச் சின்னதுரையிடம் சொன்னார். சொன்னால் போதாதென்று கொட்டகையில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க ஒரு புரோட்டா வாங்கிச் சாப்பிட்டார். பெண்டாட்டி பெயரை எடுக்கவில்லை. அதைக் கேள்விப்பட்டபோது தெரசாவுக்கு அழுகை வந்தது. ஒரு புரோட்டாவோடு நிறுத்தினாரே என்று சந்தோஷமும் பட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் புரோட்டா தொடவில்லை. சுகர் கட்டுக்குள் இருக்கிறது. புண் ஆறிவிட்டது. ஜீப் ஓட்டுகிறார்.

எடுத்து வைத்த விதையில்தான் கசப்பு கலக்கிறது என்று தெரிந்ததால் வேடியப்பன் இப்போது கடை விதையைத்தான் போடுகிறான். தெரசா விடுதியில் ஒவ்வொரு காயையும் நுனி பார்த்துத்தான் சீவுகிறாள். வீட்டிலும் வாரத்தில் மூன்று நாள் சுக்கினி நூடுல்ஸ்தான். அதைப் பிலிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பிட உட்காரும்போது மட்டும் ஒன்று மாறிவிட்டது. பிலிப்பு அதே நீள ஜெபத்தைத்தான் பண்ணுகிறார். ஆனால் கண்ணை மூடுவதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வளைவுக்கும் நன்றி சொல்கிறார். ஆமென் சொன்ன பிறகும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு இருப்பார். தெரசா எதிரில் உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொள்ளவேண்டும். அவள் மென்று விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் அவர் கை தட்டுக்குப் போகும். அப்படிச் செய்யச் சொல்லி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே அவள் செய்கிறாள்.

பக்கத்து வீட்டு ரங்கம்மாள் ஒரு நாள் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் குழாயடியில் எல்லார் முன்னாலும் சொன்னாள். “செத்துப் பொழச்சி வந்தப்பறம் பாரு, ஒரே தட்டுல சாப்பிடறாங்க. கண்ணாலம் ஆன புதுசுல கூட நாங்க இப்படி இல்லடி. எவ்ளோ பிரியம்!”

தெரசா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆமாம் என்று சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கும் சுக்கினிதான். சட்டி புகையக் காய்ந்ததும் சுருளை அள்ளிப் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி இறக்கினாள். பிலிப்பு வந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடி ஜெபத்தை ஆரம்பித்தார். அவள் எதிரில் உட்கார்ந்து அது முடியக் காத்திருந்தாள்.